ரோரோ தொட்டியில் ஒரு மெத்தை

ரோரோ தொட்டி வேண்டாம் என்று என் மனைவி முதலிலேயே சொன்னாள். "பழைய வேலிதானே, பிடுங்கி ஓரமாக் குவிச்சு வைங்க. சின்ன லோரிக்காரன் யாரையாச்சும் கூப்பிட்டா அள்ளிட்டுப் போயிருவான்" என்றாள். நான் கேட்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் வேலி. சிமெண்டுத் தூண்களும் கம்பி வலையும் போட்டது. மலையடிவாரம் என்பதால் மழைக்குக் குறைவே இல்லை. கம்பி துருவேறி, தொட்டால் கையோடு உதிர்ந்தது. தூண்களுக்குள் இருந்த இரும்பு வீங்கிச் சிமெண்டைப் பிளந்துவிட்டது. ஒரு மழை நாளில் தூண் ஒன்று சாய்ந்து, காரின் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு நின்றது. அன்றைக்கே முடிவு செய்தேன்.

குத்தகைக்காரத் தம்பி வந்து பார்த்தான். "பாகார் கழட்டுறது ஒரு நாள் வேலைதாண்ணே. இந்தச் சிமெண்ட எங்க கொண்டுபோய்க் கொட்டுறதுங்கிறதுதான் பிரச்சன. ரோரோ ஒண்ணு சொல்லிருங்க லா" என்றான். இங்கே வேலியைப் பாகார் என்றுதான் சொல்வார்கள். ரோரோ என்பது லாரி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி. நிறைந்ததும் அதே லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். வாடகைக்கு எடுத்தால் சில நாள் நம் வாசலில் நிற்கும்.

தொட்டி சறுக்கி இறங்கியபோது சாலையே அதிர்ந்தது. எதிர்ச்சாரியில் படுத்திருந்த பூனைகள் சிதறி ஓடின. லாரி ஓட்டி வந்த சீனர் மலாயில் விதிகளைச் சொன்னார். விளிம்புக்கு மேல் குவிக்கக் கூடாது. டயரும் மெத்தையும் போடவே கூடாது, கொட்டும் இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பெரிய மனிதன்போல் தலையாட்டினேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வெளியே வந்து பார்த்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

எதிர் வீட்டு அக்காவும் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய கணவர் இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அண்ணன் கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ், ஓட்டியவர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த வருடங்களில் அவர் பஸ்ஸில்தான் போய் வந்தேன். நான் தாமதமாக எழுந்த காலைகளில் ஹாரன் அடித்துக் காத்திருப்பார், ஒருநாளும் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. பிறகு பக்கவாதம் வந்து வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். அக்காதான் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டார். என் மனைவி அவ்வப்போது போய்க் கைகொடுப்பாள்.

கருமாதி முடிந்ததும் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுவது என்று பேச்சு. அக்காவும் ஒப்புக்கொண்டு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துக்கொண்டிருந்தார். பாத்திரமும் துணியும் பெட்டிகளுக்குள் போய்விட்டன. ஒரே ஒரு பொருளைத்தான் அவரால் வெளியே போட முடியவில்லை. அண்ணன் படுத்திருந்த மெத்தை. இறந்தவர் படுத்ததை அன்றைக்கே வெளியே போட்டுவிட வேண்டும் என்பது நம் வழக்கம். போட்டாச்சு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அதைப் பின்னறையில் ஒளித்துவைத்து, தினமும் அதன்மேலேயே படுத்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு மட்டும்தான் அது தெரியும். "அது மட்டும் போயிட்டா நான் கெளம்பிருவேன், தங்கச்சி" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

தொட்டி வந்த மறுநாள் வேலை தொடங்கியது. குத்தகைக்காரத் தம்பியின் ஆட்கள் இருவர் தூணைத் தட்டிச் சாய்ப்பதும், துண்டு துண்டாக உடைத்துத் தொட்டியில் எறிவதுமாக இருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தால், நம்முடையது அல்லாத ஒரு கழிவறைப் பீங்கான் உள்ளே கிடந்தது. யாரோ பாலிக் புலாவிலிருந்து வாங்கி வந்து தின்ற டுரியான் பழத்தின் ஓடுகள் ஒரு பை நிறைய. பக்கத்து வீட்டுச் சீனர் என் கண்ணெதிரிலேயே உடைந்த மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து மெதுவாக உள்ளே வைத்தார். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "ஷேர் ஷேர் லா, அங்கிள்" என்று பல்லைக் காட்டினார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே கொதித்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் தாமானுக்கு, அதாவது இந்தக் குடியிருப்புக்கு, ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் வராதது, பூனை காணாமல்போனது, பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் அதில்தான். "இது என் சொந்தச் செலவில் எடுத்த தொட்டி, தயவுசெய்து குப்பை போடாதீர்கள்" என்று மலாயில் எழுதிப் போட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அடுத்த நாள் காலை தொட்டிக்குள் மெத்தை கிடந்தது.

ரப்பர் விரிப்பு ஒன்று அரைகுறையாக மேலே கட்டியிருந்தது. பாதித் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதைப் போடக் கூடாது என்று சொன்னார்களோ அதையே போட்டிருக்கிறார்கள் என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. வேலையாளை விட்டு அந்த விரிப்பை அவிழ்க்கச் சொன்னேன். நடுவில் பெரிதாக ஒரு கறை, பழுப்பும் மஞ்சளுமாக, ஒரு ஆள் அளவுக்கு. கறை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மெத்தையைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். படம் எடுத்தேன். முதல் படம் திருப்தியாக இல்லை என்று கிட்டப் போய் இன்னொன்று எடுத்தேன்.

"இந்த அசிங்கம் யாருடையது? வெட்கம் இருந்தால் உடனே வந்து எடுத்துக்கொண்டு போகவும்." இதை மலாயில் எழுதிப் படத்தோடு அனுப்பினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூக்கைப் பொத்தும் முகம், சிரித்து உருளும் முகம் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. "இதில் படுத்தது மனுஷன்தானா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அதற்கும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

மெத்தையைத் தொட்டியிலிருந்து இழுத்து எதிர்ச்சாரி சாக்கடை ஓரத்தில் போடச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனரைக் குறிப்பாக ஒரு பார்வை பார்த்தேன். மின்விசிறி போட்டவர்தானே. அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் இல்ல லா, அங்கிள்! என் வீட்ல கேமரா இருக்கு, பாத்து அனுப்புறேன்" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு காணொளி வந்தது. திறந்து பார்க்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குறியை நான் போட்டேன். பிறகுதான் திறந்தேன்.

காணொளியில் முந்தின நாள் மாலை மங்கும் நேரம், தூறல். அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னோக்கி நடந்து வருகிறார், மெத்தையின் ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு. சாலைக்கு நடுவில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு மோட்டார் சைக்கிள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. எழுந்து மறுபடி இழுக்கிறார். தொட்டியில் சாத்தி, தோளும் தலையும் கொடுத்து அடியிலிருந்து தள்ளுகிறார். அது சரிந்து அவர் மேலேயே விழுகிறது. சற்றுநேரம் அதன் அடியில் அப்படியே நிற்கிறார். பிறகு மறுபடி தள்ள, உள்ளே போய்விடுகிறது.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். குப்பையும் சிமெண்டுக் கட்டியும் கிடந்த அந்தத் தொட்டியைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். திரும்பிப் பாதி தூரம் நடந்தவர், செருப்பை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார். காணொளி முடிந்தது. அதற்குக் கீழே என் கட்டைவிரல் இருந்தது.

குழுவில் யாரோ எழுத ஆரம்பிப்பது தெரிந்தது, பிறகு அது நின்றுபோனது.

சந்தைக்குப் போயிருந்த மனைவி அழைத்தாள். "படத்த எடுங்க. மொதல்ல எடுங்க" என்றாள். குரலே மாறியிருந்தது. "அக்கா வீட்டு மெத்தைங்க அது. அந்த ரப்பர் ஷீட்ட நாந்தான் வாங்கிக் குடுத்தேன். வெளிய போட ஒரு மாசமா அக்கா மனச தேத்திக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா உங்களுக்கு?" எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறையாவது அந்தப் பின்னறைக்குள் போயிருந்தால் தெரிந்திருக்கும். அண்ணன் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் நான் கூடத்தோடு சரி. "எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு, வாடை தாங்காமல், வேலை இருக்கிறது என்று வந்துவிடுவேன். என்னைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் படுத்திருந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

படத்தை நீக்கினேன். நீக்கப்பட்டது என்ற வரி என் பெயரோடு அங்கேயே நின்றது. சிரிப்பு முகங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

வெளியே ஓடினால், அக்கா சாக்கடை ஓரத்தில் மெத்தை அருகே நின்றுகொண்டிருந்தார். கையில் கைப்பேசி. அதை வாங்கிக் கொடுத்து, எங்கள் குழுவில் சேரவும் சொல்லிக்கொடுத்தது அவர் மகன்தான்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி" என்றார். அறுபது தாண்டிய என்னை இன்னும் தம்பி என்பார். "மெத்த போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. கல்லு மண்ணோட கல்லு மண்ணா போயிரும்னு நெனச்சிட்டேன். கேட்டுட்டுப் போட்டிருக்கணும். தப்புதான்."

"ஐயோ அக்கா, நீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"யாரா இருந்தா என்ன தம்பி" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் தைத்தது. வேறு யாருடைய மெத்தையாகவாவது இருந்திருந்தால் நான் இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டியைத் தூக்கிப்போக லாரி வந்தது. எப்படியாவது மெத்தையை இப்போதே அனுப்பிவிட்டால் நடந்ததைச் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஓட்டுநரிடம் போய் நின்றேன். அவர் மெத்தையைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். "தா போலே லா, அங்கிள்." முடியாது என்கிறார். கெஞ்சினேன். இரக்கப்படுவார் என்று நினைத்து, இது ஒரு மாதத்துக்கு முன் செத்துப்போனவர் படுத்த மெத்தை, அவர் மனைவிதான் அங்கே நிற்கிறார் என்று மலாயில் உரக்கச் சொன்னேன். அவர் இரண்டடி பின்வாங்கினார். "ஆய்யோ, பந்தாங்! பந்தாங்!" செத்தவர் சாமானைத் தொடுவது அவர்களுக்கு ஆகாத காரியம். இத்தனை வருடம் சீனர்களோடு ஒரே தெருவில் குடியிருந்துவிட்டு, அது எனக்குத் தெரியாமலா போயிற்று? அந்தப் பதற்றத்தில் மறந்துபோனேன். அவர் வண்டியிலிருந்து எதையோ எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். மெத்தையை அவர் தொடக்கூட இல்லை. அக்கா அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொட்டி போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், அக்கா மெத்தையின் மூலையைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். சந்தைப் பைகளோடு வந்து இறங்கிய என் மனைவி, பைகளைச் சாலையிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா, வேண்டாங்க்கா. வெளிய போனத உள்ள கொண்டு போகக் கூடாதுக்கா. நான் லோரி ஏற்பாடு பண்றேன்."

"எல்லாரும் பாத்தாச்சு, தங்கச்சி. பாத்துச் சிரிச்சாச்சு. இனிமே அவர வெளிய போட மாட்டேன்."

மெத்தையை என்று அவர் சொல்லவில்லை. அவர என்றுதான் சொன்னார்.

நான் போய் மறுமுனையைத் தூக்கினேன். வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்னறைக்குள் போனோம். அங்கே ஒன்றுமே இல்லை. கட்டி வைத்த பெட்டிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. நடுவில் வெறும் இரும்புக் கட்டில். அதில் மெத்தையைப் போட்டோம். அக்கா ரப்பர் விரிப்பைத் தேடினார். அது தொட்டியோடு போய்விட்டிருந்தது. நான் அவிழ்க்கச் சொன்னதுதான்.

பக்கத்து வீட்டுச் சீனர் அன்று மாலை வந்து, தான் போடவில்லை என்று காட்டத்தான் அனுப்பியதாகவும், அந்த ஆன்ட்டியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். எனக்கும் தெரியவில்லை என்றேன். அவராவது ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அக்கா வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது வேலிக் கம்பிகளோடு குத்தகைக்காரத் தம்பியின் லாரி வந்த அன்று, அவனிடம் தனியாகச் சொல்லி, திரும்பிப் போகும்போது மெத்தையை ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தேன். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டி வைத்த பெட்டிகளில் பாதி பிரிந்திருந்தது. பாத்திரங்கள் மறுபடி அடுப்படிக்கு வந்திருந்தன.

"அக்கா, லாரி வந்திருக்கு. யாருக்கும் தெரியாம நானே தூக்கி வச்சுக் கொண்டுபோயிருவேன். நீங்க நிம்மதியா மகன் வீட்டுக்குப் போலாம்."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தார். பிறகுதான் பதில் சொன்னார்.

"அன்னிக்கு மனசு வந்துச்சு தம்பி. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. வாசல்ல அந்தத் தொட்டியப் பாத்துக்கிட்டே இருந்தேன், சட்டுனு வந்துச்சு. இப்ப வரல. இனிமே வராது."

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்து, லாரியை அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து அவர் மகன் என்னை அழைத்தான். மரியாதையான பையன், தமிழ் கொஞ்சம் தடுமாறும். "அங்கிள், அம்மா இங்க வரமாட்டேன்னு சொல்றாங்க. ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டேன். தனியா இருக்காங்க, எனக்குப் பயமா இருக்கு. நீங்க எதிர் வீடுதானே, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க அங்கிள்." நடந்த எதையும் அக்கா அவனிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்கிறேன் என்றேன். கைப்பேசியை வைத்ததும் என்ன என்று மனைவி கேட்டாள், சொன்னேன். "சொல்லுங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த விஷயத்தில் அவள் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

புது வேலி நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். கம்பிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, வாசலில் நின்றால் எதிர்ச்சாரி முழுவதும் தெரியும். வெயில் அடிக்கும் காலைகளில் அக்கா அந்த மெத்தையைத் தனியாக இழுத்துவந்து, தன் கேட்டின் உட்புறம் சாத்திக் காயவைக்கிறார். நான் உதவிக்குப் போனால் வேண்டாம் தம்பி என்று சிரிக்கிறார். சாத்திய பிறகு வெளியே வந்து சாலையில் நின்று ஒருமுறை பார்க்கிறார். கறை கொஞ்சம் தெரிந்தாலும், உள்ளே போய், அந்தப் பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைக்கிறார்.